அம்மாவின் கூறைப் புடவை அலமாரியில் வீணாகலாமா? பட்டைத் துவைத்துப் பாதுகாக்கும் முறை

தீபாவளி, திருமணம், கோயில் திருவிழா முடிந்ததும் பட்டுப் புடவையை மடித்து அலமாரியில் வைத்து விடுகிறோம். அடுத்த முறை எடுக்கும்போது மடிப்பில் வெள்ளைப் புள்ளிகள், சரிகையில் கறுப்பு, இழுத்தால் கிழியும் துணி. மகளுக்கென்று எடுத்து வைத்த கூறைப் புடவைக்கும் இதே கதி நேரலாம். ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் மிகுந்த நம் நாட்டில், வியர்வையோடு மடித்து வைப்பதும் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து வைப்பதும்தான் பட்டுக்கு முதல் எதிரிகள்.

பட்டு ஏன் சீக்கிரம் கெடுகிறது?

நம் தலைமுடியைப் போல் பட்டும் புரத இழைதான். காரம் மிகுந்த சலவைத்தூள் அதன் மினுமினுப்பைப் போக்கும். கறை நீக்கும் என்சைம் கலந்த தூள் இழையையே அரிக்கும். குளோரின் வெளுப்பான் பட்டைக் கரைத்தே விடும். நனைந்த பட்டு வலு குறைந்து போவதால் முறுக்கிப் பிழியக்கூடாது. அசல் சரிகையில் வெள்ளி இழைக்குத் தங்க முலாம் பூசியிருப்பார்கள். வியர்வையும் வாசனைத் திரவியமும் பட்டால் அது கறுக்கும்.

உடுத்திய அன்றே செய்ய வேண்டியது

புடவையைக் களைந்ததும் வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் ஓர் இரவு உலர விடுங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் முகப்பவுடர் தூவி, சில மணி நேரம் கழித்து மெதுவாகத் தட்டி விடுங்கள். மஞ்சள் கறையில் சோப்புப் போடாதீர்கள். காரம் பட்டால் மஞ்சள் சிவப்பாகி விடும்.

வீட்டில் துவைக்கலாமா?

கனத்த சரிகைப் புடவை, உடலும் கரையும் வேறு நிறத்தில் உள்ள காஞ்சிபுரம் பட்டு, பழைய கூறைப் புடவை ஆகியவற்றை உலர் சலவைக்குக் கொடுப்பதே நல்லது. சரிகை குறைந்த மெல்லிய பட்டை வீட்டிலேயே துவைக்கலாம்.

1. முந்தானையின் உள்பக்க ஓரத்தில் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் துவைக்க வேண்டாம்.

2. ஒரு வாளி குளிர்ந்த நீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான ஷாம்பூவைக் கலக்குங்கள். பூந்திக்கொட்டை ஊறிய நீரும் ஏற்றது. குழாய் நீர் கலங்கலாக வரும் நாளில் துவைக்காதீர்கள். நீரிலுள்ள இரும்புத் துரு துணியில் கறையாகப் படியும்.

3. ஊற வைக்காமல், தேய்க்காமல், இரண்டு மூன்று நிமிடம் நீரில் அலைத்து எடுங்கள்.

4. நுரை போகும்வரை குளிர்ந்த நீரில் அலசுங்கள். சரிகை இல்லாத பட்டாக இருந்தால், கடைசி அலசலில் 4 லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் சேர்க்கலாம். எஞ்சிய சோப்பு நீங்கும்.

5. பருத்தித் துண்டில் சுருட்டி நீரை ஒற்றி எடுத்து, நிழலில் உலர்த்துங்கள். நேரடி வெயில் நிறத்தை வெளுக்கச் செய்யும்.

6. இஸ்திரிப் பெட்டியைச் சில்க் அளவில் வைத்து, உள்பக்கமாக, மேலே மெல்லிய துணி விரித்துத் தேய்க்கவும். தண்ணீர் தெளித்தால் புள்ளி விழலாம்.

எடுத்து வைக்கும் முறை

பிளாஸ்டிக் பைக்குப் பதிலாகத் துவைத்த பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை துணியில், குறிப்பாகச் சரிகையில், படவே கூடாது. சிறு பையில் கட்டி அலமாரி மூலையில் வைக்கலாம். கஞ்சி போட்ட பட்டை நெடுநாள் வைத்தால் இராமபாணப் பூச்சி தேடி வரும். மூன்று மாதத்திற்கு ஒரு முறை வெளியே எடுத்துக் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் அந்தக் கோட்டிலேயே இழை அறும்.

பூஞ்சைப் புள்ளி தெரிந்தால் புடவையை நன்றாகக் காய விட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். அலமாரியையும் துடைத்து உலர வைத்த பிறகே திரும்ப அடுக்குங்கள். இல்லாவிட்டால் மற்றப் புடவைகளுக்கும் பூஞ்சை பரவும்.

அடுத்த விசேஷம் வரும்வரை காத்திருக்காமல், மழையில்லாத ஒரு நாளில் அலமாரியைத் திறந்து அடியில் இருக்கும் புடவையை முதலில் எடுத்துப் பாருங்கள்.