பவளப்பாறை மீன்தொட்டியின் எக்கிகளும் குழாயமைப்பும்

பவளப்பாறை மீன்தொட்டி என்பது உயிருள்ள பவளங்களையும் அவற்றைச் சார்ந்து வாழும் கடல் மீன்கள், முதுகெலும்பிலிகள் ஆகியவற்றையும் வீட்டில் வளர்ப்பதற்கான உவர்நீர்த் தொட்டி ஆகும். இத்தொட்டியின் நீரை இடைவிடாது இயக்கும் கருவி எக்கி எனப்படும்; பேச்சுவழக்கில் இது பம்பு என்று அழைக்கப்படுகிறது. தொட்டியில் உண்மையில் கிடைக்கும் நீரோட்டத்தை எக்கியின் மீது அச்சிடப்பட்ட எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. குழாயின் விட்டம், உயரம், வளைவுகள் ஆகியவையும் சேர்ந்தே அதனைத் தீர்மானிக்கின்றன. அத்துடன், எக்கி ஓடும்போது சீராக இயங்கும் அமைப்பு, மின்தடையால் எக்கி நிற்கும்போதும் பாதுகாப்பாக இருத்தல் வேண்டும். இல்லையெனில் தொட்டி நீர் வீட்டுத் தரையில் பெருகுவதோடு, தொட்டியின் உயிரினங்களும் இறக்க நேரிடும்.

பின்னணி

பவளங்கள் இடம்பெயராத விலங்குகள். உணவும் ஆக்சிஜனும் அவற்றை வந்தடைவதற்கும், கழிவுகள் அவற்றை விட்டு அகல்வதற்கும் நீரோட்டம் தேவை. பவளத்தின் மேற்பரப்பை ஒட்டி ஏறத்தாழ அசைவற்ற மெல்லிய நீர்ப்படலம் ஒன்று காணப்படும். நீரோட்டம் வலுக்கும்போது இப்படலம் மெலிந்து, கரைந்த பொருட்களின் பரிமாற்றம் விரைவாகிறது.

இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிர்ப்பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் கொண்டு கடல் உயிரினங்களை வளர்க்கும் தமது முறையை 1961 ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டார். பின்னர் ஜெர்மனியில், உயிர்ப்பாறை, புரத நுரைநீக்கி, வலுவான நீரோட்டம் ஆகியவற்றை இணைக்கும் பெர்லின் முறை உருவானது. 1986 ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்மிட் எழுதிய கட்டுரைகள், கீழே தனித் தொட்டியுடன் கூடிய ஐரோப்பிய அமைப்பு அமெரிக்காவில் பரவ உதவின.

அமைப்பின் பகுதிகள்

காட்சித் தொட்டியின் மேல்மட்ட நீர், வழிவுப் பெட்டியின் விளிம்பைத் தாண்டி விழுந்து, இறங்கு குழாய் வழியாகக் கீழ்த்தொட்டியை அடைகிறது. கீழ்த்தொட்டி பொதுவாக சம்ப் எனப்படும். அங்கு நுரைநீக்கி, சூடேற்றி முதலியன வைக்கப்படுகின்றன. தூய்மையான நீரை ஏற்று எக்கி மீண்டும் காட்சித் தொட்டிக்கு அனுப்புகிறது. இறங்குவது புவியீர்ப்பால், ஏறுவது எக்கியால் என்பதே இவ்வமைப்பின் அடிப்படை.

காட்சித் தொட்டிக்குள் அலையை உண்டாக்குவதற்குத் தனியே ஓட்ட எக்கிகள் பொருத்தப்படுகின்றன. இவ்விரு பணிகளையும் ஒன்றாகக் கருதுவது தேர்வில் நேரும் முதற்பிழை ஆகும்.

* ஏற்று எக்கி: மணிக்குத் தொட்டிக் கொள்ளளவின் 3 முதல் 10 மடங்கு வரை போதுமானதாகக் கருதப்படுகிறது. 300 லிட்டர் தொட்டியில் 5 மடங்கு என்பது மணிக்கு 1500 லிட்டர் ஆகும்.
* ஓட்ட எக்கி: மென்பவளங்களுக்கு மணிக்கு 10 முதல் 20 மடங்கும், சிறு குமிழ்களைக் கொண்ட கல்பவளங்களுக்கு 30 முதல் 40 மடங்கும் அதற்கு மேலும் வழக்கில் உள்ளன. உயரத்தை எதிர்த்து இயங்க வேண்டாததால், குறைந்த மின்சாரத்தில் மிகுந்த நீரை இவை நகர்த்துகின்றன.

இந்த மடங்குகள் அனுபவத்தால் அமைந்த வழிகாட்டிகளே அன்றி விதிகள் அல்ல.

எக்கி வகைகள்

ஏற்று எக்கிகள் மையவிலக்கு வகையைச் சேர்ந்தவை. ஓட்ட எக்கிகளில் பெரும்பாலானவை கப்பலின் சுழலிதழ் போன்ற இதழ்களைக் கொண்டவை. மையவிலக்கு எக்கியின் குவிந்த பாய்ச்சல் பவளத்தின் சதையைக் கிழிக்கக்கூடும். சுழலிதழ் வகையின் அகன்ற ஓட்டம் மென்மையானது. இவ்வகை 2000களில் வீட்டுத் தொட்டிகளில் பரவலானது.

நீருக்குள் மூழ்கும் எக்கி ஓசை குறைந்தது, பொருத்துவதற்கும் எளிது. ஆனால் அது பயன்படுத்தும் மின்னாற்றலில் பெரும்பகுதி வெப்பமாகி நீரையே சேர்கிறது. 40 வாட் எக்கி ஒரு நாளில் 0.96 அலகு மின்சாரத்தைச் செலவிடும். வெப்ப நாடுகளில் இது கருத்திற்கொள்ள வேண்டிய அளவாகும். வெளியே பொருத்தும் எக்கி நீரைக் குறைவாகச் சூடாக்கும். ஆனால் இணைப்புகளில் கசிவு ஏற்பட வாய்ப்பு உண்டு. காந்த இணைப்பால் சுழலும் எக்கிகளில் தண்டின் வழியே நீர் கசியாமல் தடுக்கும் முத்திரை தேவையில்லை என்பதால், அவை உவர்நீருக்கு ஏற்றவை. நேர்மின்னோட்ட எக்கிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்தியின் மூலம் மாற்றலாம். மின்கலத்திலும் எளிதில் இயக்கலாம்.

ஏற்ற உயரமும் உராய்வு இழப்பும்

எக்கியின் உறையில் பெரும ஓட்டம், பெரும உயரம் என இரண்டு எண்கள் தரப்படும். சந்தையில் ‘ஹெட்’ எனப்படுவது இரண்டாவது எண் ஆகும். பெரும ஓட்டம் என்பது ஏற்ற உயரம் சுழியாக இருக்கும்போது கிடைப்பது. பெரும உயரத்தில் ஓட்டம் சுழியாகிவிடும். எனவே இவ்விரு எண்களும் ஒருபோதும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை. இடைப்பட்ட நிலைகளைக் காட்டும் வரைகோடு எக்கி வரைகோடு எனப்படும்.

மொத்த ஏற்ற உயரம் இரு பகுதிகளைக் கொண்டது. கீழ்த்தொட்டி நீர்மட்டத்திற்கும் காட்சித் தொட்டி நீர்மட்டத்திற்கும் இடையிலான செங்குத்துத் தொலைவு நிலை உயரம் ஆகும். குழாயின் உராய்வும் வளைவுகளும் உண்டாக்கும் இழப்பு மற்றது. இந்த இழப்பு ஏறத்தாழ ஓட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். குழாயின் நேர்ப்பகுதியில் ஏற்படும் உராய்வு இழப்பு, விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்பக் குறையும்.

எடுத்துக்காட்டாக, 1.3 மீட்டர் நிலை உயரம், 2.5 மீட்டர் நீளக் குழாய், மூன்று 90 பாகை எல்போக்கள் ஆகியவற்றின் வழியே மணிக்கு 1500 லிட்டர் நீரை ஏற்றுவதாகக் கொள்வோம். கணக்கீட்டில் கிடைக்கும் தோராய அளவுகள் பின்வருமாறு:

* 25 மில்லிமீட்டர் உள்விட்டம்: இழப்பு 0.2 மீட்டர், மொத்தம் 1.5 மீட்டர்
* 20 மில்லிமீட்டர் உள்விட்டம்: இழப்பு 0.6 மீட்டர், மொத்தம் 1.9 மீட்டர்
* 16 மில்லிமீட்டர் உள்விட்டம்: இழப்பு 1.6 மீட்டர், மொத்தம் 2.9 மீட்டர்

16 மில்லிமீட்டர் குழாயில் நீரை மேலே உயர்த்துவதைவிடக் குழாயின் எதிர்ப்பை வெல்வதற்கே எக்கி கூடுதலாக உழைக்கிறது. பெரிய எக்கி வாங்குவதைவிட அகன்ற குழாய் பொருத்துவது மலிவானது, மின்கட்டணமும் குறையும். ஒரு 90 பாகை வளைவுக்குப் பதிலாக இரண்டு 45 பாகை வளைவுகளைப் பயன்படுத்துவதும் இழப்பைக் குறைக்கும். ஓட்டத்தைக் குறைக்க வேண்டின் எக்கியின் வெளியேற்றப் பக்கத்திலேயே வால்வு அமைத்தல் வேண்டும். உறிஞ்சும் பக்கத்தைக் குறுக்கினால் ஆவிக்குமிழிகள் தோன்றி எக்கி சேதமடையலாம்.

அமெரிக்க மின்னமைப்பு 60 ஹெர்ட்ஸ் அலைவெண்ணைக் கொண்டது. இந்தியாவிலும் இலங்கையிலும் இது 50 ஹெர்ட்ஸ் ஆகும். மாறுமின்னோட்ட ஒத்தியங்கு எக்கிகளின் சுழற்சி வேகம் அலைவெண்ணைப் பொறுத்தது என்பதால், 60 ஹெர்ட்சுக்குத் தரப்பட்ட அளவுகள் 50 ஹெர்ட்சில் கிடைப்பதில்லை. அதே எக்கி 50 ஹெர்ட்சில் இயங்கினால் ஓட்டம் ஏறத்தாழ 83 விழுக்காடாகவும், உயரம் 69 விழுக்காடாகவும் குறையும். 3 மீட்டர் என்பது 2.1 மீட்டராகிவிடும்.

இறங்கு குழாய்கள்

எக்கி ஏற்றும் நீர் முழுவதையும் இறங்கு குழாய் ஏற்றுக்கொள்ள வேண்டும். நீரும் காற்றும் கலந்து இறங்கும் குழாயில் பெரும் ஓசை எழும். இதனைத் தணிக்கப் பல முறைகள் உள்ளன.

* டர்சோ முறை: ஒரே குழாய், அதன் மேல்முனையில் காற்றுத்துளையுடன் கூடிய வளைவு அமைந்திருக்கும்.
* ஹெர்பி முறை: ஒரு குழாய் முழுவதும் நீர் நிறைந்து சைபனாக இயங்கும், கேட் வால்வு அதன் ஓட்டத்தைச் சீராக்கும். இரண்டாவது குழாய் அவசரத் தேவைக்கானது.
* பீன்அனிமல் முறை: சைபன் குழாய், சிறிதளவு நீர் இறங்கும் திறந்த குழாய், அவசரக் குழாய் என மூன்று குழாய்கள் அமையும்.

வால்வு பொருத்திய ஒரே ஒரு இறங்கு குழாயை நம்புவது இடர் மிக்கது. ஒரு நத்தையோ பாசித் திரளோ அதனை அடைத்துவிடக்கூடும்.

எக்கி நிற்கும்போது நிகழ்வது

மின்சாரம் தடைப்பட்டவுடன் வழிவுப் பெட்டியின் விளிம்பு வரையுள்ள நீர் கீழே இறங்கும். அதே நேரத்தில், நீருக்குள் மூழ்கியிருக்கும் ஏற்று குழாயின் வாய் சைபனாக மாறி, காற்று நுழையும் வரை தொட்டி நீரைப் பின்னோக்கி இறக்கும்.

120 × 50 சென்டிமீட்டர் பரப்புள்ள தொட்டியில் ஒவ்வொரு சென்டிமீட்டர் இறக்கமும் 6 லிட்டர் ஆகும். குழாயின் வாய் நீர்மட்டத்திலிருந்து 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருப்பின் 30 லிட்டர் இறங்கும். 60 × 40 சென்டிமீட்டர் பரப்புள்ள கீழ்த்தொட்டியில் இது நீர்மட்டத்தை 12.5 சென்டிமீட்டர் உயர்த்தும். வழிவுப் பெட்டியிலும் குழாய்களிலும் தங்கியுள்ள நீர் இதற்கு மேலும் சேரும். வாயை 1.5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு உயர்த்தினால் 9 லிட்டர் மட்டுமே இறங்கும்; உயர்வு 4 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருக்கும்.

சைபனை முறிக்க, நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே ஏற்று குழாயில் சிறு துளை இடுவதுண்டு. ஒருவழி வால்வும் பயன்படுத்தப்படுகிறது. ஆயினும் துளையைப் பாசி அடைக்கலாம். வால்வு சுண்ணாம்புப் படிவால் முழுமையாக மூடாமல் போகலாம். ஆகவே இவை இரண்டும் செயலிழந்தாலும் இறங்கும் நீர் முழுவதையும் தாங்கும் வெற்றிடம் கீழ்த்தொட்டியில் இருத்தல் வேண்டும்.

இதற்கு நேரெதிரான விபத்தும் உண்டு. இறங்கு குழாய் அடைபட்டால், எக்கி தனது அறையிலுள்ள நீர் தீரும் வரை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். எக்கி அறையில் 16 லிட்டர் இருந்தால், மேற்கண்ட தொட்டியில் நீர்மட்டம் ஏறத்தாழ 2.7 சென்டிமீட்டர் உயரும். தொட்டியின் விளிம்பில் அதற்கு மேற்பட்ட இடைவெளி தேவை.

இவ்விரு நிலைகளையும் உப்பும் உயிரினங்களும் இடுவதற்கு முன்பே, வெறும் நீரை நிரப்பிச் சோதித்தல் நன்று. எக்கியை நிறுத்தி, கீழ்த்தொட்டியில் நீர் உயர்ந்து நின்ற மட்டத்தைக் கண்டறிய வேண்டும். பின்னர் எக்கியை இயக்கி, இயங்கும்போது தாண்டக்கூடாத பெரும நீர்மட்டத்தைக் கோடிட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

நீண்ட மின்தடையில் ஆக்சிஜன் குறைவே முதல் ஆபத்து. 25 பாகை செல்சியசில் கடல்நீர் கொள்ளும் ஆக்சிஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் மட்டுமே. நன்னீரில் இது 8.2 மில்லிகிராம் ஆகும். எனவே மாற்று மின்சாரத்தை ஏற்று எக்கிக்கு அளிப்பதைவிட, நீரின் மேற்பரப்பைக் கலக்கும் ஒரு ஓட்ட எக்கிக்கோ மின்கலத்தால் இயங்கும் காற்றெக்கிக்கோ அளிப்பது சிக்கனமானது.

பொருட்களும் இணைப்புகளும்

செம்பு முதுகெலும்பிலிகளுக்கு நஞ்சு. ஆகையால் செம்பு, பித்தளை இணைப்புகள் விலக்கப்படுகின்றன. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களும் ஏற்றவை அல்ல. பிவிசி குழாய்களே பெருவழக்கு. எக்கிக்கு இருபுறமும் யூனியன் இணைப்புகள் இருந்தால், குழாயை அறுக்காமல் எக்கியைக் கழற்றலாம். எக்கிக்கும் பிவிசி குழாய்க்கும் இடையே வளையும் சிலிக்கோன் குழாய்த் துண்டைப் பொருத்தினால் அதிர்வு குறையும். கண்ணாடியைத் துளையிட்டுப் பொருத்தும் டேங்க் நிப்பிளின் இரப்பர் வளையம், அதன் அகன்ற தலைப்பகுதியை ஒட்டியே அமைதல் வேண்டும். வலிவூட்டப்பட்ட கண்ணாடியைத் துளையிட முடியாது. அது முழுவதும் நொறுங்கிவிடும்.

மின் பாதுகாப்பும் பராமரிப்பும்

உவர்நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். 30 மில்லியாம்பியர் கசிவு மின்னோட்டத்திலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி கருவி இன்றியமையாதது. மின்கம்பி, மின்செருகிக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, பின்னர் மேலேறிச் செல்ல வேண்டும். அப்போதுதான் கம்பியின் வழியே வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். எக்கிகளை இரு தனித்தனி மின்சுற்றுகளில் இணைத்தால், ஒன்று துண்டிக்கப்பட்டாலும் நீரோட்டம் முற்றிலும் நிற்காது.

நாளடைவில் எக்கியின் சுழலியில் கால்சியம் கார்பனேட்டு படிந்து ஓட்டம் குறைகிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை எக்கியைக் கழற்றி, நீர் கலந்த வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ ஊறவைத்தால் இப்படிவு கரையும். வழிவுப் பெட்டியின் பற்களையும் சைபன் முறிக்கும் துளையையும் அப்போதே துடைத்து, எக்கியை ஒருமுறை நிறுத்தி நீர் குறித்த கோட்டுக்குள் நிற்கிறதா எனச் சரிபார்ப்பது வழக்கமாகும்.