கோட்டுக்கு வெளியே நிற்கும் பிள்ளை

கொஞ்சம் நீளமான பதிவு. ரொபோட்டிக்ஸ் கழகம் நடத்துகிற ஆசிரியர்களும் பிள்ளையை அதில் சேர்த்துவிட்ட பெற்றோரும் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் புத்தளம், கல்பிட்டிப் பக்கத்துப் பாடசாலைகளிலும் இப்போது ரொபோ பற்றிய பேச்சு அடிபடுகிறது. நல்ல விஷயம். ஆனால் அணி பிரிக்கும்போது நடப்பதைப் பாருங்கள். புரோகிராம் எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று, ரிமோட் பிடிக்க இரண்டு, பின்னால் நின்று சொல்லிக்கொடுக்க ஒன்று. எல்லாம் முடிந்து மிஞ்சுகிற பிள்ளையைக் கூப்பிட்டு, "நீ ஹியூமன் பிளேயர், சரியா?" என்பார்கள். மிஞ்சுவது அநேகமாக அமைதியான பிள்ளையாக இருக்கும். அல்லது, எல்லா வேலையையும் செய்துவிட்டு இடம் கேட்கக் கூச்சப்படுகிற பெண் பிள்ளையாக இருக்கும்.

அந்த இடத்தின் வரலாறு தெரிந்தால் இப்படிச் செய்யமாட்டோம் என்பது என் எண்ணம்.

ஹியூமன் பிளேயர் என்பவர் ரொபோவை ஓட்டுவதில்லை. ஆடுகளத்தின் ஓரத்தில், தனக்குக் குறித்த இடத்தில் நிற்பார். ரொபோவுக்குப் பந்து கொடுப்பார், அது கொண்டுவருவதை வாங்குவார், சில ஆட்டங்களில் தானே எறிந்து புள்ளி எடுப்பார். கோட்டைத் தாண்டிக் கை நீட்டினால் தண்டம். காரணம் இருக்கிறது. உள்ளே ஓடுவது விளையாட்டுப் பொம்மை அல்ல, 50 கிலோவைத் தாண்டக்கூடிய இயந்திரம்.

அமெரிக்காவில் டீன் கேமன் 1989இல் ‘ஃபெர்ஸ்ட்’ அமைப்பைத் தொடங்கினார். அவருக்குத் துணை நின்றவர் எம்.ஐ.டி. பேராசிரியர் வூடி ஃபிளவர்ஸ். முதல் போட்டி 1992இல், நியூ ஹம்ஷயர் மாநிலத்தில் ஒரு பாடசாலை உடற்பயிற்சி மண்டபத்தில், 28 அணிகளோடு நடந்தது. அப்போது மனிதரின் வேலை ஓட்டுவதோடு சரி. 1996இல் ‘ஹெக்ஸகன் ஹவொக்’ என்ற ஆட்டம் வந்தபோதுதான் ஹியூமன் பிளேயர் வருகிறார். மைதான ஓரத்தில் கதிரையில் உட்காரவைத்து, பெல்ட் போட்டுக் கட்டி, நடுவிலிருந்த கோலுக்குள் பந்தெறியச் சொன்னார்கள். பிள்ளை ஆர்வத்தில் எழுந்து உள்ளே ஓடிவிடும் என்ற பயமாக்கும்!

வேடிக்கையாகத் தெரிந்தாலும், அங்கேதான் ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டது. இது இயந்திரத்துக்கும் இயந்திரத்துக்கும் நடக்கிற சண்டை மட்டுமல்ல, மனிதரும் இயந்திரமும் வேலையைப் பகிர்ந்து செய்கிற ஆட்டம் என்ற முடிவு. இது ஒன்றும் புதிதல்ல. 1206இல் நூலை எழுதி முடித்த அல்ஜஸரியைப் பற்றி நாம் அடிக்கடி பெருமையாகப் பதிவு போடுகிறோம். அவருடைய கைகழுவும் கருவியில் மயிலின் வாலிலுள்ள அடைப்பை மனிதர் இழுத்தால்தான் தண்ணீர் வரும். கழுவிய தண்ணீர் அடியில் சேர்ந்து மிதவை உயர, ஒரு பொம்மை சவர்க்காரத்தோடு வெளியே வரும். இன்னும் சேர்ந்தால் மற்றொரு பொம்மை துவாயோடு வரும். கழுவுகிறவருடைய வேகம்தான் இயந்திரத்தின் வேகம்.

சரி, போட்டிக்கு வருவோம். 2004 ஆட்டத்தில் ரொபோ சின்னப் பந்துகளைக் கொண்டுவந்து தரும், ஹியூமன் பிளேயர் அதைக் கோலுக்குள் எறிவார். ஒரு பந்துக்கு 5 புள்ளி. கடைசியில் ரொபோ கம்பியில் தொங்கினால் 50 புள்ளி. கணக்குப் போடுங்கள். ஒரு பிள்ளை குறி தவறாமல் 10 பந்து போட்டால், பல வாரம் மண்டையை உடைத்துச் செய்த தொங்கும் பொறிக்குச் சமம்.

2009இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மனிதன் நிலவில் இறங்கிய 40ஆம் ஆண்டு நினைவாக ‘லூனசி’ என்ற ஆட்டம். வழுக்கும் தரை, பிடிப்பில்லாத சக்கரம். ஒவ்வொரு ரொபோவுக்கும் பின்னால் ஒரு வண்டில் பூட்டியிருக்கும். எதிரணியின் வண்டிலுக்குள் பந்தைப் போட்டால் புள்ளி. வழுக்குகிற ரொபோ சுவரோரம் வந்து மாட்டிக்கொண்டால், அங்கே பந்தோடு காத்து நிற்கிற பிள்ளைக்குக் கொண்டாட்டம். நன்றாக எறியத் தெரிந்த பிள்ளை அந்த ஆண்டு பொன்னுக்குச் சமம்.

பிற்பாடு கைப்பலத்தைவிடப் புத்திக்கு வேலை கூடியது. இந்த மாற்றம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 2017இன் ‘ஸ்டீம்வேர்க்ஸ்’ ஆட்டத்தில் இரண்டு பிள்ளைகள் ஒரு வான்கப்பல் மேடையில் ஏறி நிற்பார்கள். கீழே ரொபோ பற்சக்கரத்தைக் கொண்டுவந்து மாட்டும், இவர்கள் அதை மேலே தூக்கிப் பொருத்தி விசிறியைச் சுழலவைக்க வேண்டும். அவசரப்பட்டுத் தூக்கினால் சக்கரம் கீழே விழும், தாமதித்தால் அடுத்த ரொபோ காத்து நிற்கும். ஆட்ட முடிவில் ரொபோக்கள் ஏறுவதற்கான கயிற்றை இறக்கிவிடுவதும் இவர்கள் வேலைதான். 2018இல் பெட்டிகளை அடுக்கி, பொத்தானை அமுக்கி, 10 விநாடிக்குப் புள்ளியை இரட்டிப்பாக்கலாம். 2024 ‘கிரெசென்டோ’வில் இரண்டு வளையம் சேர்ந்ததும் ஹியூமன் பிளேயர் பொத்தானை அமுக்குவார். அதன்பிறகு சொற்ப நேரத்துக்கு 2 புள்ளி வளையம் 5 புள்ளியாகும். எப்போது அமுக்குவது? தன் ரொபோக்கள் வளையத்தோடு கோலுக்கு முன்னால் தயாராக நிற்கும்போது. பொத்தான் தயாரான சந்தோஷத்தில் உடனே அமுக்குகிற பிள்ளை அந்த 10 விநாடியை வெறுமனே கரைத்துவிடும்.

2025இல் வந்த ‘ரீஃப்ஸ்கேப்’ ஆட்டம் இன்னும் சுவையானது. ஒரு ரொபோ பந்தை ஒரு துளைக்குள் போட்டால் 6 புள்ளி. ஆனால் அந்தப் பந்து நேரே எதிரணி ஹியூமன் பிளேயரின் கைக்குப் போகும். அவர் அதை வலைக்குள் எறிந்துவிட்டால் அவர்களுக்கு 4 புள்ளி. ஆக, நீங்கள் 6 எடுத்தாலும் உண்மையில் மிஞ்சுவது 2. எதிரில் நிற்கும் பிள்ளை குறி தவறாதது என்று தெரிந்தால், அந்தத் துளைப்பக்கம் போவதா வேண்டாமா என்று ஒரு முறைக்கு இரு முறை யோசிக்க வேண்டும். ரிமோட்டைத் தொடாத ஒரு பிள்ளை எதிரணியின் திட்டத்தையே மாற்றுகிறது.

நம் பிள்ளைகளுக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2017இல் வொஷிங்டனில் தொடங்கிய ‘ஃபெர்ஸ்ட் குளோபல்’ போட்டிக்கு ஒரு நாட்டுக்கு ஓர் அணி. பிறகு மெக்சிகோ, துபாய், ஜெனீவா, சிங்கப்பூர், ஏதென்ஸ் என்று ஊர் ஊராக நடந்திருக்கிறது. அங்கே பல நாட்டு அணிகள் கூட்டாகச் சேர்ந்து ஆடும். உங்கள் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு உங்கள் மொழி தெரியாது. கூச்சல் போட்டுப் பயனில்லை. ஆட்டத்துக்கு முன் நான்கு கைச்சைகையைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்: கொடு, நிறுத்து, பொறு, முடிந்தது. வாப்பாவின் கடையில் நின்று சிங்களத்திலும் தமிழிலும் கையாலும் வியாபாரம் பேசிப் பழகிய புத்தளத்துப் பிள்ளைக்கு இது கஷ்டமா?

அப்படியானால் யாரைத் தெரிவது? என் பதில்: வலைப்பந்து அணியைப் போய்ப் பாருங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். வலைப்பந்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு எல்லை உண்டு, தாண்டினால் விசில். பந்து கைக்கு வந்தால் 3 விநாடிக்குள் விட்டுவிட வேண்டும். கோல் போடுகிறவர் வட்டத்துக்குள் நின்று, நெருக்கடியிலும் கை நடுங்காமல் போட வேண்டும். ஹியூமன் பிளேயருக்கு வேண்டியதும் இவைதானே? 2018இலும் 2022இலும் இலங்கை ஆசிய வலைப்பந்துச் சம்பியனானது. இரண்டு தடவையும் அணியில் இருந்தவர் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம். நம் பெண் பிள்ளைகள் பாடசாலை மைதானத்தில் தினமும் பழகுவதை ரொபோட்டிக்ஸ் அறைக்குள் ஏன் எடுத்துவரக்கூடாது? "அவளுக்குக் கோடிங் தெரியாதே" என்பார்கள். கோடிங் தெரிந்தவனுக்குப் பந்து எறியத் தெரியுமா என்று ஏன் யாரும் கேட்பதில்லை?

இன்னொரு உதாரணமும் நம் கரையிலேயே இருக்கிறது. உடப்பில் கரைவலை இழுப்பவர்கள் அம்பா பாடுவார்கள். பாட்டு அழகுக்காக மட்டுமல்ல, எல்லாக் கையும் ஒரே நேரத்தில் இழுப்பதற்காக. பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் கயிற்றை இழுத்திருக்கிறது. ஆனாலும் வலையின் இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்று பார்த்துச் சத்தம் கொடுக்க ஒரு மனிதர் வேண்டும். வின்ச்சுக்கு இழுக்கத் தெரியும், எப்போது நிறுத்துவது என்று தெரியாது.

பழக்குவது எப்படி என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு: விதிப்புத்தகத்தில் ஹியூமன் பிளேயர் பகுதியை அந்தப் பிள்ளையே வாசித்து மற்றவர்களுக்கு விளங்கப்படுத்தட்டும். தரையில் டேப் ஒட்டி, அதைத் தாண்டாமல் தினமும் எறியச் சொல்லுங்கள், பின்னால் நாலு பேர் சத்தம் போடட்டும். ரொபோ தயாராகும்வரை காத்திருக்க வேண்டாம். காட்போர்ட் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு பிள்ளை ஓடினால் அதுவே ரொபோ. ஓட்டுகிற பிள்ளையும் கொடுக்கிற பிள்ளையும் சேர்ந்தே பழகவேண்டும், ஏனென்றால் பந்து கைமாறும் அந்த ஒரு விநாடியில்தான் அநேகமான பிழைகள் நடக்கின்றன. கடைசி 20 விநாடியில் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவெடுத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் யோசிக்க வராது.

அணியைக் கடைசியாக அல்ல, முதலாவதாக அந்த இடத்திலிருந்து பிரித்துப் பாருங்கள். யாரைப் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள் என்று கமென்டில் எழுதுங்கள்.