பசு தானே தேடிக்கொள்ளும்

காங்கேயம் மாட்டைப் பற்றிய எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் பெயர் வந்துவிடும். இனத்தைத் தேர்ந்து வளர்த்த பெருமை அவருக்கு உரியதுதான், அதில் சண்டை இல்லை. ஆனால் ஒரு பண்ணை மட்டும் ஓர் இனத்தைக் காப்பாற்றிவிட முடியாது. நாலைந்து ஏக்கர் வைத்திருந்த குடும்பங்களின் கட்டுத்தரைகளிலும் அந்த மாடுகள் நின்றன. மழை பொய்த்த ஆண்டுகளில் அவற்றுக்கு யார் தீனி போட்டார்கள்?

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பகுதி மலையின் மழைமறைவில் கிடப்பது. அங்கே வறட்சி வரும் என்று தெரிந்தே நிலத்தை அமைத்தார்கள். கொறங்காடு என்பது அதுதான்: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். காய்ந்து தரையோடு கிடக்கும் புல் ஒரு மழையில் வேரிலிருந்து துளிர்க்கும். கோடையில் உதிரும் வேலங்காயும் தீனிதான். காட்டைத் தடுத்து, மாற்றி மாற்றி மேயவிட்டார்கள்.

அதுவும் தீர்ந்தால் வீட்டில் இருப்பதைப் பங்கிட வேண்டும். பங்கீட்டில் முதல் இடம் எருதுக்கு. கவலை இறைக்க, உழ, வண்டி இழுக்க அது வேண்டும். சோளத்தட்டும் புண்ணாக்கும் அதற்கே. எருதுக்குக் கிடைக்கும் தீனி பசுவுக்குக் கிடைப்பதில்லை என்று 1928-இல் அறிக்கை தந்த வேளாண்மைக்கான அரச ஆணையமும் குறித்தது. பசு தானே தேடிக்கொள்ள வேண்டியதுதான் என்பது வழக்கம். அந்தத் 'தானே'க்குள் ஒரு பெண் இருக்கிறாள். வரப்பில் புல் செதுக்கியவள், வேப்பந்தழை ஒடித்தவள், ஆட்டுக்கல்லில் பருத்திக்கொட்டை ஆட்டியவள், கழுநீரைச் சிந்தாமல் சேர்த்தவள். அவள் வேலை செய்யாத நாளில் பசு எதையும் தேடிக்கொள்ளவில்லை.

இது வெறும் உழைப்பு அல்ல, அறிவும்கூட. தண்ணீரில்லாமல் குட்டையாய் வாடி நிற்கும் இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு ஏறும். பசி பொறுக்காமல் அதை மேய்ந்த மாடு சற்று நேரத்தில் சாய்ந்துவிடும். அறுத்து நன்றாகக் காயவைத்தால் நஞ்சு குறையும். வேதியியல் பெயர் தெரியாமலே இதை அறிந்திருந்தால்தான் வறட்சியில் ஒரு மாட்டைக் காப்பாற்ற முடியும்.

எதை விற்பது, எப்போது விற்பது என்பது அதைவிடக் கடினமான கணக்கு. தட்டுப்போர் எத்தனை நாள் வரும், எத்தனை வாய் தாங்கும்? மாசியில் விற்றால் ஓரளவு விலை கிடைக்கும். எல்லோரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும் வைகாசியில் கேட்பாரிருக்காது. ஒரு கிடாரியையாவது நிறுத்திக்கொண்டால் மழைக்குப் பிறகு மீளலாம். போரிலிருந்து நாள்தோறும் தட்டு உருவுகிறவளுக்கு இந்தக் கணக்கு தெரியும். சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியவர்கள் ஆண்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'வீட்டுப் பெண்' என்று மட்டும் எழுதினால் அதுவும் அரைகுறை வரலாறுதான். பல கட்டுத்தரைகளில் சாணி அள்ளியவர்கள் அருந்ததியர் பெண்கள். மாட்டை விற்ற அன்றே அவர்களுக்கு வேலை போனது. அவர்களிடம் விற்க மாடு இல்லை, பெயர் சொல்ல நிலமும் இல்லை.

நிலம் பெரும்பாலும் மகனுக்கே போனது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தந்தது 1989-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம். அதற்கு முன்பே மணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. அவர்கள் 2005-இன் மத்தியச் சட்டத் திருத்தம் வரை காத்திருந்தார்கள். புல்லின் குணம் தெரிந்தவள் ஒருத்தி, பட்டாவில் இருக்கும் பெயர் வேறு ஒன்று.

2016-இல் வடகிழக்குப் பருவமழை 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று தமிழக அரசு அறிவித்தது. பயிருக்கு ஏக்கர் கணக்கில் நிவாரணம் வந்தது. கொழுக்கட்டைப் புல்லை யாரும் பயிர் என்று எண்ணுவதில்லை. கடன் கேட்கப் போனாலும் முதலில் கேட்பது பட்டாவைத்தான். பட்டா இல்லாதவள் வெளியூர் வைக்கோல் ஒரு லோடு இறக்க அடகுக்கடையில் வைக்கக்கூடியது காதுத்தோடு ஒன்றுதான்.