ஈதர்நெட்

மோடத்தின் பின்புறம் 'கிளிக்' என்று மாட்டுகிறோமே, அந்தக் கேபிளின் பெயர் இயற்பியலிலிருந்து வந்தது. ஒளி பரவ ஓர் ஊடகம் வேண்டும், அது கண்ணுக்குத் தெரியாமல் வெளியெங்கும் நிறைந்திருக்கிறது என்று 19-ஆம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் நம்பினார்கள். அதை ஈதர் என்றார்கள். மேல் வானத்தின் தூய காற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அதன் மூலம். 1887-இல் மைக்கெல்சனும் மார்லியும் தேடிப் பார்த்தார்கள்; தடயமே இல்லை. பிறகு ஐன்ஸ்டைனின் சார்பியல் அதைத் தேவையற்றதாக்கிவிட்டது.

கைவிடப்பட்ட அந்தச் சொல்லை 1973 மே மாதம் மீட்டெடுத்தவர் ராபர்ட் மெட்காஃப். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் அப்போது அவருக்கு வேலை. பொருத்தம் அபாரம்! அவர் வடிவமைப்பில் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக ஒரே கேபிள். ஒன்று அனுப்பினால் அத்தனைக்கும் போய்ச் சேரும். முகவரிக்குரிய கணினி மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒளிக்கு ஈதர் போல, கேபிள் சுமக்கும், அவ்வளவுதான். பின்னால் தரப்படுத்தப்பட்ட தடித்த கேபிளில் 2.5 மீட்டருக்கு ஓர் அடையாளம் இருக்கும். அங்கேதான் துளைத்து, ஊசி இறக்கிக் கணினியை இணைப்பார்கள்.

இன்று அந்தப் பொதுக் கேபிள் இல்லை. எட்டுச் செப்புக் கம்பிகளை இரண்டிரண்டாக முறுக்கிய கேபிள், நடுவே கணினிகளை இணைக்கும் 'ஸ்விட்ச்' என்ற கருவி. பெயர் மட்டும் மாறவில்லை.

பலர் இதை 'இன்டர்நெட் கேபிள்' என்கிறார்கள். அது சரியல்ல. இணையமே இல்லாத அலுவலகத்திலும் கணினியையும் பிரின்டரையும் ஈதர்நெட் இணைக்கும்.