வாதக்காய்ச்சலும் வர்க்க சமுதாயமும்: ஒரு வரலாற்று நோக்கு

பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளுக்குத் தொண்டைப்புண் வருவதும் தானே ஆறுவதும் வழமை. எனினும், அவருட் சிலருக்கு இரண்டு மூன்று வாரங்களின் பின்னர் காய்ச்சலும் மூட்டுவீக்கமும் தோன்றுகின்றன. இதய வால்வுகள் நிரந்தரமாகப் பழுதடைவதும் உண்டு. வாதக்காய்ச்சல் எனப்படும் இந்நோயின் ஆய்வு வரலாறு, உடலின் இரசாயனமும் சமுதாய அமைப்பும் சந்திக்கும் இடத்தைக் காட்டுவதாகும்.

1933 இல் நியூயோர்க் றொக்பெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த றெபெக்கா லான்ஸ்பீல்ட், ஸ்ரெப்ரோகொக்கஸ் பற்றீரியாக்களைக் கலச்சுவர்ப் பொருள்களின் அடிப்படையிற் தொகுதிகளாக வகுத்தார். வாதக்காய்ச்சலுக்கு வழிவகுப்பது ‘ஏ’ தொகுதி. அதன் அடையாளம் ஒரு சிக்கலான வெல்ல மூலக்கூறு: றம்னோசுச் சங்கிலியும், அதிற் கிளைக்கும் என்-அசற்றைல் குளுக்கோசமைனும் கொண்ட பல்சக்கரைட்டு. இப்பல்சக்கரைட்டுக்கும் இதய வால்வின் கிளைக்கோப்புரதங்களுக்கும் நிர்ப்பீடன உறவு உண்டென 1967 இல் கோல்ட்ஸ்ரைன், ஹல்பேண், றொபேட் ஆகியோர் எடுத்துக்காட்டினர். வால்வு பழுதுற்றோரிடம் இவ்வெல்லத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகள் நெடுங்காலம் நிலைப்பதை 1968 இல் வெளியான ஆய்வொன்று புலப்படுத்தியது. இவற்றுட் சில, இதயத் தசையின் மயோசின் புரதத்தையும் பற்றுவன என்பது பின்னர் தெளிவாயிற்று. பற்றீரியாவை அழிக்கப் பிறந்த பிறபொருளெதிரி, தன்னுடலையே பகையாகக் கொள்கின்றது. ரீ கலங்களும் இவ்வழிவிற் பங்குகொள்வதால், வெல்லத்தை மட்டுமே முழுக் காரணமெனல் பொருந்தாது.

ஆயினும், இவ்விளக்கம் நோய் எவ்வாறு நிகழ்கின்றது என்பதற்கே விடை தருகின்றது. யாருக்கு நிகழ்கின்றது என்பதற்கன்று. மேற்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இந்நோயின் வீழ்ச்சி, 1940களில் பெனிசிலின் பரவுமுன்னரே தொடங்கிவிட்டது. குடியிருப்பு நெருக்கடி தளர்ந்தமை அதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. மாறாக, செல்வம் கொழிக்கும் அவுஸ்திரேலியாவின் வடபகுதி ஆதிக்குடிகளிடையிலும், நியூசிலாந்தின் மாவோரி, பசிபிக் தீவுப் பிள்ளைகளிடையிலும் அது இன்றும் நீடிக்கின்றது. நிலம் பறிக்கப்பட்டோரும் மலிவான உழைப்புக்கென அழைக்கப்பட்டோரும் நெருக்கடியான வீடுகளில் வாழ நேர்ந்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இடப்படும் பென்சதீன் பெனிசிலின் ஊசி, நோய் மீள்வதைத் தடுக்கவல்லது. அது புதிய மருந்துமன்று. எனினும், உலக சுகாதார மன்றம் இந்நோய் குறித்து 2018 இலும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. பிறபொருளெதிரி வர்க்கம் அறியாது; ஆனால் அது உருவாகும் சூழலை வர்க்க உறவுகளே பெரிதும் நிர்ணயிக்கின்றன. மூலக்கூறின் வரலாற்றை வீட்டின் வரலாற்றினின்று பிரித்தெழுதுவது அரைகுறை வரலாறேயாகும்.