பிள்ளையின் சரீரமும் பள்ளியின் பிரம்பும்

நம் நாட்டுத் தொடக்கப் பள்ளிகளின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் ஏட்டையும் எழுத்தாணியையும், மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகிய அரிச்சுவடியையும் விஸ்தாரமாக வருணித்துவிட்டு, அந்த மணலின் முன் உட்கார்ந்திருந்த குழந்தையின் சரீரம் என்ன பாடுபட்டது என்பதைப் பெரும்பாலும் சொல்லாமலே கடந்துபோய்விடுகிறார்கள்.

1826-இல் கவர்னர் சர் தாமஸ் மன்றோ எழுதிவைத்த குறிப்பின்படி சென்னை மாகாணத்தில் இருந்த பாடசாலைகள் 12,498. அவற்றுள் திண்ணைகளில் நடந்த பள்ளிகளில், எண்சுவடியை மனனம் செய்யத் தவறிய சிறுவனுக்குக் குட்டும் தோப்புக்கரணமும் சாதாரண தண்டனைகள்; குற்றம் பெரிதென்று தோன்றினால், கோதண்டம் என்ற பெயரால், உத்தரத்துக் கயிற்றில் அவனை அந்தரத்தில் தொங்கவிட்டுப் பிரம்பால் அடிப்பதும் உண்டு. "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஐயா" என்று பிள்ளையை உபாத்தியாயரிடம் ஒப்படைத்த தகப்பனார் குரூர சித்தமுடையவர் அல்லர். வருத்தினால்தான் வித்தை வரும் என்று அவர் மெய்யாகவே நம்பினார். ஆயினும், பெரியவர் கை தன்மேல் எவ்விதம் பட்டாலும் வாய் திறக்கலாகாது என்ற வேறொரு பாடமும், ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே, அந்தப் பிள்ளையின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. துர்எண்ணத்தோடு குழந்தையை நெருங்கியவர்களுக்கு அந்த மௌனமே அரணாயிற்று.

அத்திண்ணையிலும் இடம் கிட்டாத குழந்தைகள் அநேகர். பஞ்சமரென்று விலக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்காக 1894-இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் அடையாற்றில் இலவசப் பள்ளி திறந்தார். பார்வையற்றோருக்கும் செவி கேளாதோருக்கும் அந்நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் தனிப் பள்ளிகள் எழுந்தன. 1920-இல் சென்னை ஆயிரம் விளக்கு கார்ப்பரேஷன் பள்ளியில், பசியால் வராதிருந்த ஏழைப் பிள்ளைகளை நினைத்து, தியாகராய செட்டியார் தலைமையில் நகரசபை மதிய உணவு அளித்தது. இவையெல்லாம் போற்றத்தக்க தர்மங்கள். ஆனால் வாசல் திறந்த பிறகும் உள்ளே பிரம்பு இருந்தது.

தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் பிரம்புக்கு இருந்த இடம் 2003-இல்தான் நீங்கிற்று. அடுத்த ஆண்டில் சென்னையில் தோன்றிய 'துளிர்' என்னும் அமைப்பு, பாலியல் துன்பத்திலிருந்து குழந்தை தன்னைக் காத்துக்கொள்ளும் பாடத்தைப் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்ல முற்பட்டது. 2007-இல் மத்திய அரசு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளை விசாரித்து வெளியிட்ட ஆய்வில், ஏதேனும் ஒருவகைப் பாலியல் துன்பத்துக்கு ஆளானதாகச் சொன்னோர் பாதிக்கும் மேல். பள்ளி செல்வோரில் அடிபட்டதாகச் சொன்னோர் மூவரில் இருவர். இவ்விரண்டு செய்திகளையும் ஒரே அறிக்கையில் அருகருகே வாசிக்கும்போது, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள உறவை எப்படி மறுக்க முடியும்? பள்ளியில் உடல் தண்டனையை நாடெங்கும் விலக்கிய கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறிற்று. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் அமலாயிற்று.

குழந்தை தன்னைக் காத்துக்கொள்ளும் அந்தப் பாடம் என்னவோ எளியதுதான்: உன் உடம்பு உன்னுடையது, மறைவிடங்களை ஒருவர் தொட்டாலோ, தம்மைத் தொடச் சொன்னாலோ, 'வேண்டாம்' என்று உரக்கச் சொல், அவ்விடம் விட்டு விலகு, நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் சொல், அவர் நம்பாவிடில் நம்புபவர் கிடைக்கும்வரை சொல், பிழை உன்னுடையதன்று. 2007-ஆம் ஆண்டின் அந்த ஆய்வு, துன்புறுத்தியோரில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர் அல்லது பொறுப்பிலிருந்தவர் என்று கண்டிருப்பதால், அந்நியரைக் கண்டு அஞ்சு என்று மட்டும் போதித்து நிறுத்துவது குழந்தையை ஏமாற்றுவதாகும். மாமாவானாலும் உபாத்தியாயரானாலும் மறுக்கலாம் என்று சொல்லவேண்டும். சொல்லுகிற உபாத்தியாயர் அம்மறுப்பைத் தம் வகுப்பிலேயே பொறுக்கவும் வேண்டும்.

உடற்குறையுள்ள பிள்ளைகளைப் பொதுப் பள்ளியில் சேர்க்கவேண்டுமென்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறிய பின்னர் இப்பாடத்தைக் கற்பிக்கும் கடமை பெருகியிருக்கிறது. படத்தைக் காட்டி விளக்கும் பாடம் பார்வையற்ற சிறுமிக்குப் பயன்படாது. அவள் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்து, உறுப்புகளைத் தடவி அறியச் செய்யவேண்டும். செவி கேளாத சிறுவனுக்கு மறைவிடங்களைக் குறிக்கும் சைகைகள் தெரிந்திருப்பதோடு, அவன் சைகையால் முறையிடும்போது அதை அறிந்துகொள்ளத்தக்க ஒருவராவது அந்தப் பள்ளியில் இருந்தாகவேண்டும்.