ஹேப்பி பர்த்டே ஜோஷி!

பாணேர் பக்கம் அபார்ட்மெண்ட் பெயர்ப்பலகைகளில் ஜோஷி என்ற பெயர் சர்வசாதாரணம். என் போன்ற பழைய கணினிக்காரர்களுக்கு அதைப் பார்த்தாலே ஒரு வைரஸ்தான் ஞாபகம் வரும் :-)

1990 ஜூனில் இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்டது அது. ஜனவரி 5 அன்று கணினியைப் போட்டால், 'ஹேப்பி பர்த்டே ஜோஷி' என்று டைப் செய்யச் சொல்லி அப்படியே நின்றுவிடும். வாழ்த்தினால்தான் வழிவிடும்!

வேடிக்கைக்கு அடியில் விவகாரம் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கிளம்பும்போது கணினி முதலில் படிப்பது அதன் முதல் செக்டாரை. ஜோஷி அங்கே உட்கார்ந்துகொண்டு, அசலை வேறிடத்தில் ஒளித்து வைக்கும். டாஸுக்கு முன்பே விழித்துவிடுவதால், யாராவது முதல் செக்டாரைக் கேட்டால் அசலை எடுத்து நீட்டும். பார்ப்பவருக்கு எல்லாம் சுத்தம்! 1986-ல் லாகூரில் பாசித், அம்ஜத் சகோதரர்கள் எழுதிய பிரெயின் வைரஸிலேயே இந்தத் தந்திரம் உண்டு.

அன்றைய வைத்தியம் எளிது. மெஷினை முழுசாக அணைத்து, ரைட்-ப்ரொடக்ட் செய்த சுத்தமான ஃப்ளாப்பியிலிருந்து கிளப்பிப் பார்ப்பது. திருடனிடமே 'வீட்டில் திருடன் இருக்கானா' என்று கேட்டால் என்ன பதில் வரும்? இந்த மாதிரி வைரஸ்கள் சுற்றிய 90-களில்தான் இதே புனேயில் கைலாஷ், சஞ்சய் கட்கர் சகோதரர்களின் 'குயிக் ஹீல்' பிறந்தது.

இன்று சாட்சி சொல்ல டிபிஎம் என்ற சில்லு இருக்கிறது. தொடக்கத்தின் ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்தை அளந்து அதில் பதிந்துவிட்டுத்தான் பொறுப்பை ஒப்படைக்கும். பின்னால் வருபவன் முன்பதிவை அழிக்க முடியாது. 2021-ல் வந்த விண்டோஸ் 11 இதைக் கட்டாயமாக்கியது. கையெழுத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் வேறு துணைக்கு. ஆனாலும் 2022-ல் வெளியே தெரிந்த பிளாக்லோட்டஸ், ஓட்டையுள்ள, ஆனால் முறையாகக் கையெழுத்தான பழைய பூட் கோப்பைக் கொண்டுவந்து உள்ளே புகுந்தது. ஆகவே அப்டேட்களைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஊர்க் கல்யாணப் படங்கள், பிள்ளைகளின் வீடியோ எல்லாம் லேப்டாப்பில்தானே நமக்கு? ஒருநாள் அது திடீரென்று பிட்லாக்கர் ரெகவரி கீ கேட்டால், தொடக்கத்தில் ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். பயாஸ் அப்டேட்டாகவும் இருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம். காரணம் தெரியாமல் கீயைக் கொடுக்காதீர்கள். முதலில் அந்தக் கீயை இன்றே ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட் இருக்கும் பெட்டியில் வையுங்கள்.